மௌனத்தின் நீளம்

"தம்பி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தா இது நின்னு போகுது. இங்கேயே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டா ஒண்ணும் ஆகறதில்லை."

ரசீதுப் பிரிவில் இருந்த அக்கா ஒருவர் இதைச் சொன்னபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருக்கும். அந்த அலுவலகத்தில் நாற்பது கணினிகள், எல்லாம் லினக்ஸ். ரசீது போடும் மென்பொருளைத் திறந்தவுடன் அது நகரின் இன்னொரு மூலையில் இருந்த தரவுத்தள சர்வரோடு ஓர் இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். மாலையில் மூடும்வரை அந்த இணைப்புதான். காலையில் சிலருக்கு முதல் ரசீது போட்டதும் திரை அப்படியே உறைந்துவிடும். கால் மணி நேரம் கழித்து "கனெக்‌ஷன் டைம்ட் அவுட்" என்று ஒரு வரி வரும். மென்பொருளை மூடித் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும். அதனால் "மூடித் திறங்க" என்பதே எல்லோருக்கும் பதிலாக இருந்தது. நானும் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அந்த அக்கா சொன்னதில் அதுவரை யாரும் கவனிக்காத ஒரு தகவல் இருந்தது. "வீட்டுக்குப் போய்ட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்க்கா?" என்று கேட்டேன். "ஒண்ணே கால் மணி நேரம்." டிபன் பாக்ஸ் என்றால் அரை மணி நேரம். விசாரித்துப் பார்த்ததில், காலையில் அவதிப்பட்டவர்கள் எல்லோரும் முந்தின நாள் மாலை திரையை மட்டும் பூட்டிவிட்டுப் போனவர்கள். கணினியை அணைத்துவிட்டுப் போனவர்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆக, வேலை செய்யும்போது இணைப்பு அறுபடவில்லை. சும்மா இருந்தபோதுதான் அறுபட்டிருக்கிறது. அரை மணி நேர மௌனத்தைத் தாங்குகிற இணைப்பு ஒண்ணே கால் மணி நேர மௌனத்தைத் தாங்கவில்லை.

ஏன் என்று புரிய, இணைப்பு என்பது என்ன என்ற கேள்விக்குப் போக வேண்டும்.

பழைய தொலைபேசியில் இணைப்பு என்பது கையால் தொடக்கூடிய பொருள். இணைப்பகத்தில் உங்கள் கம்பியையும் எதிர்முனையின் கம்பியையும் சேர்த்து, பேசி முடிக்கும்வரை அந்தப் பாதையை உங்களுக்கென்றே ஒதுக்கிவைப்பார்கள். நீங்கள் பேசாமல் இருந்தாலும் பாதை இருக்கும். இணையத்தில் அப்படி எதுவும் கிடையாது. விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974இல் வெளியிட்ட வடிவமைப்பிலிருந்து வளர்ந்து, 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 793 என்ற ஆவணமாக எழுதிவைக்கப்பட்ட டிசிபி நெறிமுறையில் இணைப்பு என்பது இரண்டு முனைகளின் நினைவு மட்டுமே. தொடக்கத்தில் மூன்று பாக்கெட்டுகள், அதாவது சிறு தரவுப் பொட்டலங்கள், போய் வரும். அதன்பின் இந்த முனை ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளும்: இன்னாரோடு பேசிக்கொண்டிருக்கிறேன், நான் அனுப்பியது இத்தனையாவது பைட்வரை, அவர் பெற்றுக்கொண்டதாகச் சொன்னது இத்தனையாவது பைட்வரை. அந்த முனையும் இதே மாதிரி ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளும். இரண்டு குறிப்புகளும் ஒத்துப்போகும்வரை இணைப்பு உண்டு. சொல்ல எதுவும் இல்லாவிட்டால் கம்பியில் எதுவும் ஓடாது. ஒரு பாக்கெட்கூட ஓடாது.

இதைத் தெரிந்தேதான் செய்தார்கள். டேவிட் கிளார்க் 1988இல் எழுதிய கட்டுரையில் அதன் காரணம் இருக்கிறது. ராணுவப் பணத்தில் பிறந்த வலைப்பின்னல் அது. நடுவில் உள்ள கருவிகளில் சில அழிந்தாலும் பேச்சு தொடர வேண்டும் என்பதே முதல் தேவை. நடுவில் உள்ள கருவியில் உரையாடலின் குறிப்பை வைத்தால், அந்தக் கருவியோடு உரையாடலும் போய்விடும். முனையிலேயே வைத்தால், முனை அழிந்தால்தான் குறிப்பு அழியும், முனையே போனபிறகு குறிப்பு இருந்து என்ன பயன்? விதியைப் பகிர்ந்துகொள்ளுதல் என்று பொருள்படும் ஒரு பெயரை கிளார்க் இதற்கு வைத்தார். எனக்கு இணையத்தின் வடிவமைப்பிலேயே மிக அழகாகத் தெரியும் எண்ணம் இது. வீட்டுக்குள் இருக்கும் இரண்டு கணினிகளுக்கு இடையே ஓர் இணைப்பைத் திறந்து, கேபிளைப் பிடுங்கி, காபி குடித்துவிட்டு வந்து மீண்டும் சொருகிப் பாருங்கள். விட்ட இடத்திலிருந்து வேலை செய்யும். இடையில் எதுவும் அனுப்பப்படாததால் எதுவும் நடந்ததாகவே இரண்டு முனைகளுக்கும் தெரியாது.

அப்படியானால் அந்த அக்காவின் இணைப்பு ஒண்ணே கால் மணி நேரத்தில் எப்படிச் செத்தது? பல நாள் கழித்தும் உயிரோடு இருந்திருக்க வேண்டுமே.

நடுவில் ஒருவர் வந்துவிட்டார். அன்றைய இணைய முகவரிகள் 32 பிட் நீளம், மொத்தம் சுமார் 430 கோடிதான். அவை தீர்ந்துவிடும் என்ற கவலையில் 1994இல் ஆர்எஃப்சி 1631 முன்வைத்த வழி நாட், அதாவது முகவரி மாற்றம். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு முழுவதற்கும் ஒரே ஒரு தபால் முகவரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்தின் மேலும் வாசல் காவலர் ஓர் எண்ணை எழுதி, தன் நோட்டில் "இந்த எண்ணுக்கு வரும் பதில் மூன்றாம் மாடிக்கு" என்று குறித்துக்கொள்கிறார். பதில் வந்தால் நோட்டைப் பார்த்து மாடிக்கு அனுப்புகிறார். ஃபயர்வாலும் இதே மாதிரி நோட்டு வைத்திருக்கும். உள்ளேயிருந்து யார் பேச்சைத் தொடங்கினார்கள் என்று குறித்துவைத்து, அந்தப் பேச்சுக்குரிய பாக்கெட்டுகளை மட்டும் விடும்.

நோட்டில் பக்கங்கள் குறைவு. கருவியின் நினைவகம் அளவானது. எண்கள் 65,536தான். முனைகள் ஒழுங்காக விடைபெற்றுக்கொண்டால் காவலர் அந்த வரியை அடித்துவிடலாம். ஆனால் மின்சாரம் போய் அணைந்த கணினி விடைபெறாது. ஆகவே காவலர் ஒரு விதி வைத்துக்கொண்டார்: இவ்வளவு நேரம் பேச்சு இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடுவது. அவர் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடிக்காவிட்டால் நோட்டு நிரம்பிவிடும், புதிதாக யாரும் பேச முடியாது. சிக்கல் என்னவென்றால், அடித்ததை அவர் இரண்டு முனைகளுக்கும் சொல்வதில்லை. நடுவில் குறிப்பு வைக்காதே என்று கட்டப்பட்ட வலைப்பின்னலின் நடுவில் இப்படி ஒரு குறிப்பு முளைத்தது. அதற்கு ஞாபகமறதியும் உண்டு.

இனி அந்த அக்காவின் கணினியில் நடந்ததைப் பார்ப்போம். சாப்பிட்டு வந்து ரசீது போடுகிறார். கணினியின் குறிப்பில் இணைப்பு உயிரோடு இருக்கிறது, பாக்கெட் கிளம்புகிறது. ஃபயர்வால் நோட்டைப் புரட்டுகிறது, அப்படி ஒரு வரி இல்லை. பாதுகாப்புக் கருதி ஒரு வார்த்தையும் சொல்லாமல் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடுகிறது. பதில் வராததால் கணினி மறுபடி அனுப்புகிறது. முதலில் 0.2 விநாடி காத்து, பிறகு 0.4, பிறகு 0.8 என்று ஒவ்வொரு முறையும் காத்திருப்பை இரட்டிப்பாக்குகிறது. அதிகபட்சம் 120 விநாடி. லினக்ஸின் இயல்பு அமைப்பில் 15 முறை மறுபடி அனுப்பிப் பார்த்துக் கைவிட 924.6 விநாடி ஆகும். கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். திரை உறைந்து நின்ற நேரமும் அதுதான்.

சர்வரின் பக்கம் இன்னும் பரிதாபம். கணினியாவது எதையோ அனுப்ப முயன்று பதில் இல்லை என்று தெரிந்துகொண்டது. சர்வர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கேட்பவருக்கு மௌனம் மௌனமாகவே கேட்கும். நம் வழக்கில் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்போம். வலைப்பின்னலில் மௌனம் எதற்கும் அறிகுறி இல்லை. எதிர்முனைக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் இருக்கலாம், அது இறந்துபோயிருக்கலாம், நடுவில் வழி அடைபட்டிருக்கலாம். மூன்றும் ஒரே மாதிரிதான் கேட்கும். பொறியாளர்களின் திறமைக் குறைவு இல்லை இது. மைக்கேல் ஃபிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பேட்டர்சன் மூவரும் 1985இல் ஒரு கணிதத் தேற்றத்தை வெளியிட்டார்கள்: செய்தி வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்பதற்கு வரம்பே இல்லாத வலைப்பின்னலில் ஒரே ஒரு கணினி செயலிழக்கக்கூடும் என்றாலும், மற்றவை எப்போதும் ஒருமித்த முடிவுக்கு வந்தே தீரும் என்று உறுதிதரும் நிர்ணயமான வழிமுறை எதுவும் இருக்க முடியாது. மெதுவாக இருப்பவரையும் இறந்தவரையும் வேறுபடுத்த முடியாததே அதன் அடிவேர். எவ்வளவு நேரம் பொறுப்பது என்று ஒரு எண்ணை நாமே தேர்ந்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. டைமர் என்ற எளிய கருவி தேவைப்படுவது இந்த இடத்தில்தான். எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் சில சமயம் தவறிவிடும்.

தொலைபேசியில் எதிர்முனை நெடுநேரம் பேசாவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்கிறோம். டிசிபியிலும் அதற்கொரு வழி உண்டு. கீப்-அலைவ் என்று பெயர். ஆர்எஃப்சி 793இல் அது இல்லை. சர்வர்களை நிர்வகித்தவர்களின் தேவையிலிருந்து வந்தது. அது செயல்படும் விதம் நுட்பமானது. ஏற்கெனவே அனுப்பி, எதிர்முனை பெற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்ட கடைசி பைட்டின் வரிசை எண்ணைப் போட்டு ஒரு வெற்றுப் பாக்கெட் அனுப்புவார்கள். எதிர்முனைக்கு அது பழைய கதை. ஆனால் பழையது வந்தால் "அது எப்போதோ கிடைத்துவிட்டது, எனக்கு அடுத்து வேண்டியது இது" என்று பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது டிசிபியின் விதி. புதிதாக ஒரு விதியும் எழுதாமல் எதிர்முனையைப் பேச வைத்துவிட்டார்கள். அதைவிட முக்கியம், கேள்வியும் பதிலும் நடுவில் இருக்கும் காவலரைக் கடந்து போவதால் அவர் நோட்டில் அந்த வரிக்குப் புதிதாக நேரம் கணக்காகும்.

பிறகு ஏன் இது எல்லா இணைப்புகளிலும் இயங்குவதில்லை? 1989 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1122 இதைப் பற்றி நிறைய யோசித்து எழுதியது. கீப்-அலைவ் கட்டாயமில்லை, இயல்பில் அணைந்திருக்க வேண்டும், இயக்கினாலும் இயல்பு இடைவெளி 2 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றது. அன்றைக்கு அது நியாயம். பாதை ஓரிரு நிமிடம் தடைபட்ட நேரம் பார்த்துக் கேள்வி போனால், நன்றாக இருக்கும் இணைப்பையே கொன்றுவிடும். அலைவரிசை குறைவு. சில பாதைகளில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் காசு. நடுவில் நோட்டு வைத்திருக்கும் காவலர் அன்றைக்குக் கிடையாது. லினக்ஸ் இன்றும் அந்த 2 மணி நேரத்தை அப்படியே வைத்திருக்கிறது: 7,200 விநாடி மௌனம், பிறகு 75 விநாடிக்கு ஒன்றாக 9 கேள்விகள், பதில் இல்லையென்றால் இணைப்பு முடிந்தது. மொத்தம் 7,875 விநாடி. 2 மணி 11 நிமிடம் 15 விநாடி.

அந்த எண் எங்கள் சர்வரின் லாகில் கிடைத்தது. ரசீதுத் திரையைத் திறந்து பாதியில் விட்டுவிட்டு ஒருவர் சாப்பிடப் போனால், அந்த ரசீதின் மேல் தரவுத்தளம் போட்ட பூட்டு அவர் பெயரிலேயே நிற்கும். இணைப்பு நடுவில் செத்துவிட்டாலும் சர்வருக்குத் தெரியாததால் பூட்டு விலகாது. அதே ரசீதைத் தொட வேண்டிய மற்றவர்கள் காத்துக் கிடப்பார்கள். பிறகு ஏதோ ஒரு நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். எங்களுக்கு அது புதிராகவே இருந்தது. கடைசியாக அந்த இணைப்பில் வேலை நடந்த நேரத்தையும், சர்வர் அதைக் கைவிட்ட நேரத்தையும் கழித்துப் பார்த்தபோது ஒவ்வொரு முறையும் 2 மணி 11 நிமிடம் வந்தது. அந்த சர்வரில் கீப்-அலைவ் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. கேள்வி 2 மணி நேரம் கழித்துக் கிளம்பியது. அதற்கு முன்பே நடுவில் இருந்தவர் வரியை அடித்துவிட்டிருந்தார். 2008இல் வந்த ஆர்எஃப்சி 5382 நாட் கருவிகளுக்கு இது கூடாது என்றே சொல்கிறது: நிலைபெற்ற இணைப்பின் குறிப்பை 2 மணி 4 நிமிடத்துக்குக் குறைவான மௌனத்துக்காக அழிக்கக் கூடாது. நடைமுறையில் இதை மதிக்காத கருவிகள் ஏராளம்.

ஆகவே நெடுநேரம் சும்மா இருந்து செத்த இணைப்பைத் துப்பறிய நான் முதலில் கேட்பது, மௌனம் எவ்வளவு நீளம் என்பதைத்தான். அதை அளக்கலாம். பலர் ஒரே இணைப்பை வைத்துக்கொண்டு 10 நிமிடம் கழித்து ஒரு கேள்வி, 20 நிமிடம் கழித்து ஒரு கேள்வி என்று சோதிப்பார்கள். அதில் ஒவ்வொரு கேள்வியும் கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விடும். ஒரே நேரத்தில் பன்னிரண்டு இணைப்புகளைத் திறந்து, முதலாவதை 10 நிமிடம், அடுத்ததை 20 நிமிடம் என்று 120 நிமிடம்வரை ஒவ்வொன்றையும் தொடாமல் விட்டுவைத்தேன். 50 நிமிடம் இருந்தது பதில் சொன்னது. 70 நிமிடம் இருந்தது சொல்லவில்லை. மறுநாள் 55இலிருந்து 65வரை நிமிடத்துக்கு ஒன்று. எல்லை 60இல் விழுந்தது.

இயற்கை இப்படி முழு எண்களில் பேசாது. கேபிள் பழுதோ நெரிசலோ என்றால் நேரம் சிதறலாக வரும். 60 நிமிடம் என்று கச்சிதமாக விழுந்தால் யாரோ ஒரு மனிதர் ஏதோ ஒரு பெட்டியில் அந்த எண்ணை எழுதியிருக்கிறார் என்று பொருள். அமேசான் மேகத்தின் நாட் வாயில் 350 விநாடியில் மறக்கும். அஸூரின் சுமை பகிர்வி இயல்பில் 4 நிமிடம், கூகுள் மேகத்தின் ஃபயர்வால் 10 நிமிடம். என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் தனக்குப் பின்னால் இருக்கும் சர்வரின் பதிலுக்கு இயல்பில் 60 விநாடி காத்திருக்கும். லினக்ஸின் சொந்த இணைப்பு நோட்டு எதிர்த் திசையில் தாராளம், 5 நாள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் இயல்பில் 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம் பேச்சு இல்லாத இணைப்பைத் தானே மூடும். மைஎஸ்க்யூஎல் வைத்திருக்கும் அலுவலகம் மாலை 6 மணிக்கு மூடிக் காலை 9 மணிக்குத் திறந்தால் தினமும் முதல் வேலைக்கு மட்டும் பிழை வருவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இந்தக் கடைசி எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. கீப்-அலைவை எவ்வளவு அடிக்கடி அனுப்பினாலும் மைஎஸ்க்யூஎல்லின் 8 மணி நேரம் நீளாது. கீப்-அலைவுக்குப் பதில் சொல்வது இயங்குதளம். மேலே இயங்கும் நிரலுக்கு அப்படி ஒரு கேள்வி வந்ததே தெரியாது. தரவுத்தளம் எண்ணுவது தனக்கு வந்த கட்டளைகளை மட்டும். இதே காரணத்தால், எதிர்முனை நிரல் எங்கோ சிக்கிச் செயலற்று நின்றாலும் அதன் இயங்குதளம் "இருக்கிறேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். நிரல் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் நிரலிடமே கேட்க வேண்டும். வெப்சாக்கெட் நெறிமுறையில் பிங், பாங் என்று இரு செய்திகள் 2011இலிருந்து விதியிலேயே இருப்பது அதற்காகத்தான்.

எண் கிடைத்தபின் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் பாக்கெட்டுகளைப் பதிவு செய்ய வேண்டும். டிசிபிடம்ப், வயர்ஷார்க் போன்ற ஒரு பதிவுக் கருவி போதும். ஒரு முனையை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன், அது தவறு. கணினியின் பதிவில் பாக்கெட் கிளம்புகிறது, சர்வரின் பதிவில் அது வரவே இல்லை என்றால் நடுவில்தான் விழுந்திருக்கிறது. வந்து, சர்வர் உடனே ஆர்எஸ்டி என்ற முறிப்புப் பாக்கெட்டை அனுப்பினால், சர்வரே அந்த இணைப்பை மறந்துவிட்டது. எங்கள் பதிவில் கணினியிலிருந்து ஒரே பாக்கெட் இரட்டிப்பாகும் இடைவெளிகளில் பதினாறு முறை கிளம்பியிருந்தது. சர்வரின் பதிவில் அந்த நேரம் வெறுமை. ஃபயர்வாலைப் பராமரித்தவரிடம் இரண்டு பதிவுகளையும் காட்டினேன். அவர் அமைப்புகளைத் திறந்தார். 3,600 விநாடி என்று இருந்தது.

அந்த எண்ணை உயர்த்தச் சொல்லலாம். ஆனால் நாளைக்கே வேறொரு பெட்டி நடுவில் வரலாம், அதன் எண் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது முனைதான். இணைப்புகளைத் தொகுத்து வைத்துப் பயன்படுத்தும் நிரல் என்றால், நடுவில் உள்ளவர் மறப்பதற்கு முன்பே பழைய இணைப்பைத் தானே கழித்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளலாம். பிழை வந்தால் மறுபடி முயல்வதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பதில் வரவில்லை என்பதால் வேலை நடக்கவில்லை என்று ஆகாது. கட்டளை போய்ச் சேர்ந்து, பணம் கழிக்கப்பட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். பணம் புழங்கும் நிரல்களில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் இரண்டாம் முறை செய்யாதபடி எழுதாமல் இருப்பது பெரும் பொறுப்பின்மை என்பேன்.

2021இல் ஆர்எஃப்சி 9000 ஆக வந்த க்விக் நெறிமுறையில் இதற்கு ஒரு நேர்மையான ஏற்பாடு உண்டு. பேச்சைத் தொடங்கும்போதே இரண்டு முனைகளும் எவ்வளவு நேர மௌனத்தைப் பொறுப்போம் என்று ஒன்றுக்கொன்று சொல்லிவிடலாம். இரண்டில் சிறியதே செல்லும். நடுவில் இருப்பவர் மட்டும் இன்னமும் சொல்வதில்லை.

எங்கள் அலுவலகத்தில் செய்தது ஒரே ஒரு மாற்றம். சர்வரின் கீப்-அலைவை 7,200 விநாடியிலிருந்து 600 ஆக்கினோம். நாற்பது கணினிகளில் எதையும் தொடவில்லை. அன்று மாலை அந்த அக்காவிடம் மென்பொருளை மூடாமல், திரையை மட்டும் பூட்டிவிட்டுப் போகச் சொன்னேன். சர்வரில் பதிவை ஓடவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் போய்ப் பார்த்தால், இரவு முழுவதும் பத்து நிமிடத்துக்கு ஒரு சிறு பாக்கெட் சர்வரிலிருந்து கிளம்பியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் சில மில்லி விநாடிகளில் ஆளில்லாத அந்த மேசையிலிருந்து பதில் வந்திருந்தது. 9 மணி 10 நிமிடத்துக்கு அடுத்த வரி நீளமாக இருந்தது. அக்கா முதல் ரசீதைப் போட்டுவிட்டார்.